முட்டை பாக்கி

ஒரு நாட்டுக்கோழி முட்டை என்ன விலை இருக்கும்? வடசேரி சந்தையில் கேட்டால் பதினைந்து ரூபாய் என்பார்கள். முகத்தைப் பார்த்து இருபது என்றும் சொல்வார்கள். நான் ஒரு முட்டையை 1,650 ரூபாய்க்கு வாங்கினேன். பொன் முட்டை எல்லாம் இல்லை. ஒரு பக்கம் லேசாக எச்சம் ஒட்டியிருந்த சாதாரண முட்டை. அதைவிடக் கேவலம், அந்தப் பணத்தை எட்டு மாதம் கொடுக்காமலே இருந்தேன்.

நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை சார். டீக்கடையில்கூடப் பாக்கி வைத்ததில்லை (கடைக்காரர் விடமாட்டார்). நடந்ததைச் சொல்கிறேன். நீங்களே தீர்ப்பு சொல்லுங்கள்.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் கிட்டத்தட்ட பாதிப் பேர் கிறிஸ்தவர்கள். 2011 கணக்கெடுப்பில் 46.85 சதவீதம். ஆர்.சி., சி.எஸ்.ஐ., லுத்தரன், சால்வேஷன் ஆர்மி, பெந்தெகொஸ்தே என்று தெருவுக்கு ஒரு கோயில், கோயிலுக்கு ஒரு ஒலிபெருக்கி. இந்தக் கூட்டத்தில் பாப்டிஸ்ட் என்று நாங்கள் கொஞ்சம் பேர் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை நூறு பேர் வந்துவிட்டால் பாஸ்டர் ஐயாவுக்குப் பிரசங்கம் மறந்துவிடும்.

"பாப்டிஸ்ட்னா என்ன சார் வித்தியாசம்?" என்று ஆபீஸில் பக்கத்து சீட்டு நண்பர் ஒருநாள் கேட்டார்.

"ரெண்டு விஷயம். ஒண்ணு, குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. வளர்ந்து, அறிவு வந்து, அவனா விசுவாசிச்சுக் கேட்டாத்தான். தெளிக்கிறதும் இல்லை. தண்ணிக்குள்ள முழுசா முக்கி எடுத்திடுவாங்க."

"அறிவு வரவே இல்லைன்னா?"

"பொருளாளர் ஆக்கிடுவாங்க."

இரண்டாவது விஷயம், பிஷப் கிடையாது. ஒவ்வொரு சபையும் தனி ராஜ்யம். சுவருக்கு என்ன கலர் என்பதிலிருந்து பாஸ்டருக்கு என்ன சம்பளம் என்பது வரை சபைக் கூட்டத்தில் கை தூக்கித்தான் முடிவு. பிஷப் இல்லாத இடத்தில் எல்லாருமே பிஷப் என்பதைக் கூட்டத்துக்கு வந்து பார்த்தால் தெரியும்.

நண்பரிடம் சொன்னது ஜோக் இல்லை. நான்தான் பொருளாளர். ஆபீஸில் கணக்குப் பிரிவில் இருப்பவனுக்குக் கணக்கு வரும் என்று ஜனங்கள் இன்னும் நம்புகிறார்கள்.

சபையின் வரவில் மூன்று இனம். ஞாயிறு காணிக்கை. வருஷத்துக்கு ஒருதரம் அறுப்புப் பண்டிகை ஏலம். மூன்றாவது பிடியரிசி. வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் பெண்கள் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போட்டு வைப்பார்கள். மாதக் கடைசி ஞாயிறு அந்த டப்பா கோயிலுக்கு வரும். அரிசியை விற்ற காசும், ஏலக் காசும் மிஷன் கணக்குக்குப் போகும்.

மிஷன் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒடிசாவில் ஒரு மலைக்கிராமத்தில் நம்ம பக்கத்துப் பையன் ஒருவன் மனைவி, குழந்தையோடு இருக்கிறான். ஜெபக்கூட்டம் நடத்துகிறான், ராத்திரியில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறான். அவன் செலவில் பாதி இன்னொரு சபை, பாதி நாங்கள். மாதம் 6,000 ரூபாய், ஐந்தாம் தேதிக்குள். மாதாமாதம் கடிதம் போடுவான். கூடவே பிள்ளைகள் வரைந்த படம் ஒன்று வரும். யானை மாதிரி இருக்கும். கீழே பசு என்று எழுதியிருக்கும்.

இனி ஏலத்துக்கு வருவோம்.

அறுப்புப் பண்டிகை அன்று அவரவர் விளைச்சலில் ஒன்றைக் கொண்டு வருவார்கள். ஏத்தங்குலை, மரச்சீனிக் கிழங்கு, வருக்கைச் சக்கை, தேங்காய், காலில் கயிறு கட்டிய சேவல். ஆராதனை முடிந்து, அசனப் பந்திக்கு முன்னால் ஏலம். பக்கத்தில் சோறு வெந்து கறி மணக்கும்போது மனுஷனுக்குத் தாராளம் வந்துவிடும். இந்த மனோதத்துவத்தைக் கண்டுபிடித்தவர் யாரோ, பெரிய ஆள்.

ஒரு பாட்டி ஒரே ஒரு முட்டை கொண்டு வந்திருந்தார். பத்து ரூபாயில் ஆரம்பம். நான் இருபது என்றேன். பின்னாலிருந்து "ஐம்பது" என்று ஒரு குரல். மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்த என் மச்சினன்! செண்ட் வாசனையோடு சிரிக்கிறான். என் மனைவி என்னைப் பார்த்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாக அந்தப் பார்வைக்கு அர்த்தம் தெரியாமல்தான் வாழ்க்கை ஓடுகிறது. 'விட்டுக் கொடுக்காதே' என்று எடுத்துக்கொண்டேன். நூறு... ஐநூறு... ஆயிரம்... 1,650! ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம். கைதட்டல். (அர்த்தம் 'வாயை மூடு' என்பதாம். வீட்டில் சொன்னாள்.)

"பைசா அடுத்த வாரம் தாரேன்" என்று பொருளாளரிடம் சொன்னேன். அதாவது என்னிடமே சொன்னேன். பொருளாளர் பெருந்தன்மையாகச் சம்மதித்தார்.

அடுத்த வாரம் ஸ்கூல் ஃபீஸ். அதற்கடுத்த மாதம் பைக் ரிப்பேர். என்னைப் போல இன்னும் பத்துப் பேர். எல்லாம் கறி மணத்தில் வாயை விட்டவர்கள். மொத்த ஏல பாக்கி 18,750 ரூபாய். முட்டையை மூன்றாம் நாள் பையன் பொரித்துத் தின்றுவிட்டு, உப்பு போதாது என்றான்.

இந்த நிலையில்தான் எனக்குச் சபையை நவீனப்படுத்தும் ஆசை வந்தது. பிடியரிசியை நிறுத்திவிட்டு க்யூ.ஆர். அட்டை வைத்துவிடலாம். யோசித்துப் பாருங்கள்: ஒரு டப்பாவில் ரேஷன், ஒன்றில் பொன்னி, ஒன்றில் சிவப்புச் சம்பா, ஒன்றில் பச்சரிசி. எல்லாம் கலந்தால் பாதி வேகும், பாதி குழையும். கோழி வளர்ப்பவர்கள்தான் வாங்குவார்கள், அதுவும் பேரம் பேசி. சபைக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டு வர ஒரு பேச்சு தயாரித்தேன். நாலு பாயிண்ட் தேவை என்று பாஸ்டர் ஐயாவின் அலமாரியில் மிஷன் சரித்திரப் புத்தகங்களைக் கடன் வாங்கினேன்.

பாப்டிஸ்ட் மிஷன் எங்கே ஆரம்பித்தது தெரியுமா? இங்கிலாந்தில் கெட்டரிங் என்ற ஊரில், 1792 அக்டோபரில், ஒரு வீட்டுக்குள். கூடியவர்கள் ஒரு டஜன் சில்லறைப் பேர். வசூல் 13 பவுண்டு 2 ஷில்லிங் 6 பென்ஸ். அதைப் போட்டு வைத்தது மூக்குப்பொடி டப்பாவில்! அதுவும் ரொக்கம் இல்லையாம். இவ்வளவு தருகிறேன் என்று எழுதிய சீட்டுகள். படித்ததும் எனக்கு ஒரே ஆறுதல். உலகப் பெரிய மிஷனே பாக்கியில்தான் ஆரம்பித்திருக்கிறது! ஆனால் ஒரு வித்தியாசம். அவர்கள் கொடுத்துவிட்டார்கள். 1793லேயே வில்லியம் கேரி வங்காளத்தில் வந்து இறங்கிவிட்டார்.

கேரி செருப்புத் தைத்தவர். வந்து ஏழு வருஷம் வரை ஒரு ஆள்கூடச் சேரவில்லை. 1800 டிசம்பரில்தான் கிருஷ்ண பால் என்ற தச்சர் ஹூக்ளி ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றார். நம் ஆபீஸாக இருந்தால் இரண்டாம் வருஷமே 'டார்கெட் எட்டப்படவில்லை' என்று மெமோ வந்திருக்கும்.

எங்கள் மாவட்டக் கதையும் அப்படித்தான். அது பாப்டிஸ்ட் இல்லை, லண்டன் மிஷன். மயிலாடி வேதமாணிக்கம் அழைத்து ரிங்கல்தௌபே 1806ல் ஆரல்வாய்மொழி வழியாக வந்தார். மயிலாடியில் கோயில் எழுந்தது 1809ல். சம்பளத்தையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, 1816ல் ஊரை விட்டுப் போகும்போது போட்டுக்கொள்ள ஒழுங்கான கோட்டு இல்லை மனுஷனுக்கு. அப்புறம் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மாள் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். அடிமைப் பெண்கள் அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே விலை கொடுத்து வாங்கினார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855ல்தான்.

வெள்ளைக்காரன் பணத்தையே எத்தனை காலம் நம்புவது என்று 1903ல் திருநெல்வேலிக்காரர்கள் சொந்தமாக இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பித்தார்கள். முன்னால் நின்றவர் வெள்ளாளன்விளை வி.எஸ். அசரியா. 1905ல் அவரும் சேலம் கே.டி. பாலும் மற்றவர்களும் கேரி வாழ்ந்த செராம்பூரில், அவர் பெயரிலுள்ள நூலகத்தில் கூடி தேசிய மிஷனெரி சங்கம் அமைத்தார்கள். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது கொள்கை. ஆட்கள் சரி. பணம்? மிசோரமைப் பாருங்கள். அங்கே பாப்டிஸ்ட், பிரஸ்பிடேரியன் பெண்கள் நூறு வருஷத்துக்கு மேலாக இதே பிடியரிசிதான் எடுக்கிறார்கள். 'புஃபாய் தாம்' என்று பெயர். இன்று அது வருஷத்துக்குக் கோடிக் கணக்கு.

இவ்வளவும் படித்துவிட்டு நான் என்ன முடிவுக்கு வந்தேன்? 'நல்ல பாயிண்டுகள் கிடைத்துவிட்டன' என்ற முடிவுக்கு. அறிவு விஷயத்தில் நண்பரிடம் நான் சொன்னது சரிதான்.

சபைக் கூட்டம். கணக்கு வாசித்தேன். 'காலத்துக்கேற்ற மாற்றம்' என்று முழங்கினேன். வாலிபர் பக்கம் கைதட்டல். க்யூ.ஆர். அட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். "மக்களே, ஒரு காரியம் கேக்கட்டா?" முட்டைப் பாட்டி.

"கேளுங்க பாட்டி."

"அந்தக் கட்டம் கட்டமா இருக்கத நான் எதில காட்டணும்?"

"போன்ல பாட்டி."

"எனக்க கையில போன் இல்ல மக்களே. பானைதான் உண்டு."

சிரிப்பு. பாட்டி சிரிக்கவில்லை.

"பென்ஷன் பைசா மருந்துக்குப் போவும். காணிக்கைத் தட்டு வரும்போ நான் பாட்டுப் புஸ்தகத்தைப் பாத்துக்கிட்டு இருப்பேன். ஆனா ரெண்டு நேரம் உலை வைக்கேன். ஒரு பிடி எடுத்துப் போடுதேன். அங்க உள்ள பிள்ளைக படம் வரைஞ்சு அனுப்புதுல்லா, அதில எனக்க அரிசியும் உண்டுன்னு நெனப்பேன். அத நிறுத்திப்போட்டா, நான் இந்தச் சபைக்குப் பாட்டு கேக்க மட்டுமா வரணும்?"

ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

"பொறவு இன்னொண்ணு. கணக்கு எல்லாம் வாசிச்சா. ஏல பாக்கி வாசிக்கலியே?"

"அது... சின்னத் தொகை பாட்டி."

"சின்னதுன்னா சீக்கிரம் வாசிச்சிரலாமே மக்களே."

வாசித்தேன். பத்துப் பெயர் வாசித்துவிட்டுப் பேப்பரை மடித்தேன்.

"எனக்க முட்டை யாருக்குப் போச்சு?" என்றார் பாட்டி.

பட்டியல் எழுதியவன் நான் என்பதால் என் பெயரைக் கடைசியில், கொஞ்சம் சின்ன எழுத்தில் போட்டிருந்தேன். வாசித்தேன். மச்சினன் அன்று மஸ்கட்டில் இருந்தான் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

பாஸ்டர் ஐயா ஒன்றும் சொல்லவில்லை. ஒடிசா கடிதத்தை எடுத்து ஒரே ஒரு வரி வாசித்தார். "சென்ற இரண்டு மாதமும் பணம் 20ஆம் தேதி கிடைத்தது, ஸ்தோத்திரம்." குறை இல்லை, முறையீடு இல்லை. அந்தக் கடிதத்தை நானும் படித்திருக்கிறேன். ஃபைலில் குத்தியவனே நான்தான். ஐந்துக்கும் இருபதுக்கும் நடுவில் பதினைந்து நாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பதினைந்து நாளும் அவன் மனைவி உலையில் எதைப் போட்டாளோ? நமக்குச் சம்பளம் ஒரு நாள் தள்ளிப் போனால் கேட் முன்னால் கோஷம் போடுகிறோம். அவனுக்குக் கோஷம் போட கேட்டும் இல்லை.

ஓட்டெடுப்பில் பிடியரிசி தொடரும் என்று முடிவாயிற்று. தீர்மானம் கொண்டு வந்தவனே அதற்கு எதிராகக் கை தூக்கியது எங்கள் சபையில் அதுதான் முதல்தடவை. க்யூ.ஆர். அட்டையும் இருக்கட்டும் என்றார்கள். இப்போது அரிசி டப்பா பக்கத்திலேயே அதுவும் இருக்கிறது. அதில் முதல் பணம் போட்டவன் அடியேன். அன்று ராத்திரியே ஒரு நண்பரிடம் கடன் வாங்கிப் போட்டேன். பெட்டி ஊருக்கே கேட்கிற மாதிரி அறிவித்தது: ஆயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய் பெறப்பட்டது!

"கொள்ளாமே! பாக்கி வச்சா அதையும் சொல்லுமா?" என்றார் பாட்டி.

"அதுக்கு மெஷின் வேண்டாம் பாட்டி. நீங்க இருக்கீங்க."

மற்ற பத்துப் பேரும் இரண்டு வாரத்தில் கட்டிவிட்டார்கள். அதிலிருந்து பணம் ஐந்தாம் தேதி தவறவில்லை. எங்கள் வீட்டு அடுக்களையிலும் ஒரு டப்பா வந்துவிட்டது. பிடி எடுப்பது என் பங்கு அரிசியிலிருந்துதான் என்று எனக்குச் சந்தேகம். கேட்கவில்லை. பார்வை வரும்.

இந்த வருஷமும் அறுப்புப் பண்டிகை வந்தது. பாட்டி முட்டை கொண்டு வந்தார். மச்சினனும் லீவில் வந்திருந்தான். அவன் என்னைப் பார்த்தான். நான் என் சட்டைப் பையைப் பார்த்தேன்.

"நூத்தி இருவது" என்றேன். "ரொக்கம்!"