கால்களுக்கும் குலம் உண்டோ?

கலந்துவிட்டார்களாம், கெடுத்துவிட்டார்களாம்! பாலே ஆடிய மேடையிலே தெருப்பிள்ளைகளின் ஆட்டமாம். அதற்கடுத்து ஆப்பிரிக்க முழக்கமாம். மூன்றையும் ஒரே இரவில், ஒரே நுழைவுச்சீட்டுக்குக் காட்டுவது கலையா, கதம்பமா என்று முகம் சுளிக்கிறார்கள் தூய்மைவாதிகள். நியூயார்க்கிலும் பாரிசிலும் மட்டுமல்ல, நம் ஊர்ச் சபாக்களின் தாழ்வாரத்திலும் இந்தச் சுளிப்பு உண்டு. முகங்கள் வேறு, சுளிப்பு ஒன்று.

அவர்கள் சுளிப்பது எதைக் கண்டு? ஆல்வின் எய்லி அமைத்த ஆடற்குழுவை எடுத்துக்கொள்வோம். 1931இல் டெக்சாஸ் மாநிலத்தில், பருத்தி பொறுக்கியும் பிறர் வீட்டில் பணி செய்தும் பிழைத்த ஒரு கறுப்பினத் தாயின் மகனாகப் பிறந்தவர் எய்லி. 1958இல் நியூயார்க்கில் தம் குழுவைத் தொடங்கினார். முழு இரவுக்கு ஒரே கதை என்ற வழக்கத்தை விட்டு, மூன்று நான்கு தனி ஆக்கங்களை அடுத்தடுத்து ஆடுவது அக்குழுவின் வழக்கம். அதன் பட்டியலில் மூன்றைப் பாருங்கள். 1970இல் டியூக் எலிங்டனின் இசைக்கு எய்லி ஆக்கிய ‘ஆறு’, அமெரிக்க பாலே குழு ஒன்றுக்காகவே எழுந்தது. 1999இல் ரொனால்டு பிரவுன் ஆக்கிய ‘அருள்’, மேற்கு ஆப்பிரிக்க அடவுகளின் மேல் நிற்பது. நைஜீரியாவின் ஃபெலா குட்டியின் இசையும் அதிலே முழங்குகிறது. 2018இல் பிலடெல்பியாவின் ரென்னி ஹாரிஸ் ஆக்கிய ‘லாசரஸ்’, தெருவிலே பிறந்த ஹிப்-ஹாப் அடவுகளைக் கொண்டே எய்லியின் வாழ்வையும் அவர் இனம் பட்ட கொடுமையையும் சொல்வது. தூக்கிலே தொங்கிய உடல்களின் நிழல் அதில் வந்து போகிறது.

அரண்மனை, ஊர்மன்று, தெரு. இம்மூன்றும் ஒரே குழுவின் கால்களில்! இதைத்தான் பொறுக்க முடியவில்லை தூய்மையின் காவலர்களால்.

சரி, அவர்கள் காக்கும் தூய்மையைத்தான் சற்றுத் தட்டிப் பார்ப்போமே!

பாலேயின் பிறப்புச் சான்றிதழ் எது? இத்தாலிய அரண்மனைகளின் விருந்துக் கேளிக்கையாகத் தொடங்கிப் பிரான்சு சென்றது அது. 1653இல் பதினான்கு வயதுச் சிறுவனாக இருந்த பதினான்காம் லூயி மன்னன், பொன்னாடை பூண்டு கதிரவனாகவே மேடையில் தோன்றினான். மன்னன் ஞாயிறு, மற்றவர் சுற்றும் கோள்கள். இதுதான் ஆடல் சொன்ன அரசியல். 1661இல் அவனே நடனக் கழகம் ஒன்றை நிறுவினான். எதற்கு? போர்களின் குழப்பத்தால் ஆடற்கலையில் புகுந்துவிட்ட சீர்கேடுகளைத் திருத்துவதற்காம்! ஆணைப் பத்திரமே அப்படிச் சொல்கிறது. மூன்றரை நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது ‘கெட்டுவிட்டது’ என்ற புலம்பல். புலம்பியவன் கையில் செங்கோல் இருந்ததால் அது இலக்கணம் ஆயிற்று.

ஆனால் அந்த இலக்கணத்தின் உள்ளே இருப்பவை யாருடைய அடவுகள்? ‘பூரே’ என்பது ஒவேர்ன் மலைநாட்டு உழவர் மரக்கட்டைச் செருப்பணிந்து ஆடியது. ‘கவோத்’ தோஃபினே மலைமக்களுடையது. ‘பாஸ்பியே’ பிரித்தானி மாவட்டத்தாருடையது. குடியானவன் காலிலிருந்து கழற்றி எடுத்து, மன்னன் காலில் மாட்டி, பிறகு குடியானவனைப் பார்த்து ‘உனக்கு இது வராது’ என்றார்கள். இன்றும் பாலே பயிலும் சிறுமி நாள்தோறும் ‘பா தெ பூரே’ என்னும் அடவைப் பழகுகிறாள். உழவனின் பெயர் அந்த அடவிலே ஒட்டிக்கொண்டிருக்கிறது; உழவனைத்தான் காணோம்.

ஜோன் கீலியினோஹோமோகு என்னும் மானிடவியல் அறிஞர், 1970 வாக்கில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்னது மிக எளிது: ஆப்பிரிக்கர் ஆடினால் அது ‘இனக்குழு ஆட்டம்’ என்கிறீர்களே, பாலேவும் ஐரோப்பியரின் இனக்குழு ஆட்டமே அன்றோ? அவர்களின் காதல் வழக்கம், அவர்களின் திருமணச் சடங்கு, அவர்களின் அன்னப்பறவை, அவர்களின் அரச மரியாதை அனைத்தும் அதில் இல்லையா? ஒருவனுடைய ஊர்வழக்கம் உலகக்கலை. மற்றவனுடைய உலகக்கலை ஊர்வழக்கம். தராசைப் பிடித்தவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று பார்த்தால் போதும், எடை தெரிந்துவிடும்.

இது அடவுகளைப் பற்றிய வாதம் மட்டும் என்றால் விட்டுவிடலாம். வேலி போட்டது ஆட்டத்துக்கு அல்ல, ஆளுக்கு! அதற்குச் சான்று வேண்டுமா?

ஜேனட் காலின்ஸ் என்ற கறுப்பினப் பெண், இளமையிலேயே மாந்தே கார்லோ ரஷ்ய பாலே குழுவின் தேர்வுக்குச் சென்றார். திறமையில் குறையில்லை, முகத்திலும் உடலிலும் வெள்ளை பூசிக்கொள்வதானால் சேர்த்துக்கொள்ளலாம் என்றனர். மறுத்து வெளியேறினார். 1951இல் நியூயார்க் மெட்ரோபொலிட்டன் ஆப்பரா மேடையில் தம் நிறத்தோடேயே ஆடினார். அதே மாந்தே கார்லோ குழுவில் 1955இல் சேர்ந்த ரேவன் வில்கின்சனுக்கு நிறம் சற்று வெளுப்பு. மாவு பூசி ஆட வைத்தனர். தென் மாநிலங்களுக்குப் போனபோது தங்கும் விடுதி தோறும் அச்சம். அலபாமாவிலே கூ க்ளக்ஸ் கிளான் கூட்டத்தினர் மேடை வரை வந்து கறுப்புப் பெண் யாரெனத் தேடினர். சில ஆண்டுகளில் குழுவை விட்டார் அவர். அவருடைய தாய்நாட்டில் வேறு பாலே குழு எதுவும் அவரை ஏற்கவில்லை. ஆடுவதற்கு நெதர்லாந்து போக வேண்டியிருந்தது!

ஆர்தர் மிட்செல் 1955இல் நியூயார்க் நகர பாலேயில் சேர்ந்தார். 1957இல் பாலன்சைன் ஆக்கிய ‘அகோன்’ ஆடலில் வெள்ளைப் பெண்ணொருத்தியோடு இணைந்து ஆடினார். அவன் கை அவள் கையைப் பற்றுகிறது, அவ்வளவுதான்! அந்த இணையாடலை அமெரிக்கத் தொலைக்காட்சி காட்ட 1968 வரை ஆயிற்று. ஆட்டத்தில் என்ன பிழை? தாளம் தப்பியதா? இல்லை. தொட்டுவிட்டான்! ‘தீட்டு’ என்ற சொல் ஆங்கிலத்தில் இல்லாமலிருக்கலாம், பொருள் இருந்தது.

இந்தத் தீட்டுக்கு அறிவியல் சாயம் பூசிய அறிவாளிகளும் இருந்தனர். ‘நியூயார்க் டைம்ஸ்’ ஏட்டின் புகழ்பெற்ற நடன விமரிசகர் ஜான் மார்ட்டின், 1963இல் வெளிவந்த தம் நூலில், பாலே கறுப்பருக்குப் பண்பாட்டாலும் இயல்பாலும் உடலமைப்பாலுமே அந்நியம் என்று எழுதினார். மிட்செல் ‘அகோன்’ ஆடி ஆறு ஆண்டு கழித்து! கண்ணெதிரே நிற்கும் சான்றைவிடப் பிறவிக் கோட்பாட்டை நம்பும் இந்த நோயை நாம் அறியாதவர்களா? நாவு தடிக்கும், இந்தச் சாதிக்கு மந்திரம் வராது என்று சொன்னவர்களின் அயல்நாட்டு உறவினர் அவர்.

மிட்செல் என்ன செய்தார்? 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். மறு ஆண்டே தாம் பிறந்த ஹார்லெம் வட்டாரத்தில் ஆடற்பள்ளியும் குழுவும் தொடங்கினார். அங்கே ஒரு சிறிய புரட்சி நடந்தது. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பாலே ஆடுவோரின் காலுறையும் காலணியும் இளஞ்சிவப்பு. அதற்குப் பெயர் ‘தோல்நிறம்’. யாருடைய தோல்? கறுப்புக் காலில் அது ஏறினால் இடுப்புக்குக் கீழே வேறொருவர் கால் ஒட்டியதுபோல் தோன்றும். ஹார்லெம் குழு, ஒவ்வொரு பெண்ணின் நிறத்துக்கும் ஏற்பக் காலுறைக்கும் காலணிக்கும் சாயமிட்டது. பிற குழுக்களில் இருந்த கறுப்பினப் பெண்களோ, முகத்துக்கு இடும் ஒப்பனைக் குழம்பைத் தம் கைக்காசில் வாங்கி, காலணிக்குத் தேய்த்துக்கொண்டிருந்தனர். இலண்டனின் புகழ்பெற்ற காலணி நிறுவனம் ஃப்ரீட், பழுப்பு நிறத்தில் விரல்நுனிக் காலணி செய்து விற்கத் தொடங்கியது எப்போது தெரியுமா? 2018இல்!

இனித் தெருவுக்கு வருவோம். தெருவாட்டம் என்றால் நேற்று முளைத்த காளான் என்று நினைப்பவர் உண்டு. 1739இல் தென் கரோலினாவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். முரசு கொட்டி ஆள் திரட்டினர். 1740இல் வந்தது சட்டம்: அடிமை முரசு வைத்திருக்கலாகாது, கொம்பு ஊதலாகாது! ஆண்டைகளுக்குத் தெரிந்திருந்தது, தோலில் எழும் ஓசை வெறும் ஓசையன்று என்பது. முரசைப் பறித்தார்கள்; தொடையும் மார்பும் உள்ளங்கையும் குதிகாலும் முரசாயின. உடலையே தட்டித் தாளமிடும் ஆட்டம் பரவியது. எந்தச் சட்டமும் அவன் உடம்பை அவனிடமிருந்து பறிக்க முடியவில்லை; அந்த உடம்பு ஆண்டையின் சொத்து என்று சட்டமே சொன்ன காலத்தில்!

அந்தத் தாளத்தின் கொள்ளுப்பேரன்தான் பிராங்க்ஸ் வட்டாரத்து ஆட்டம். நெடுஞ்சாலை போடுகிறோம் என்று ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்களின் வீடுகளை இடித்த இடம் அது. 1973 ஆகஸ்ட் 11. செட்ஜ்விக் அவென்யூ, 1520ஆம் எண் கட்டடத்தின் பொதுக்கூடம். ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்தின் இளைஞர் கூல் ஹெர்க், உடன்பிறந்தாளின் பள்ளித் துணிமணிக்குப் பணம் சேர்க்க நடந்த கொண்டாட்டத்தில் இசைத்தட்டு சுழற்றினார். பாட்டு நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் அந்தச் சில நொடிகளில்தான் ஆடுவோர் துள்ளுகிறார்கள் என்பதைக் கண்டு, இரண்டு தட்டுகளைக் கொண்டு அந்த நொடிகளை நீட்டினார். அந்த இடைவெளியில் பிறந்ததே பிரேக் ஆட்டம். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் அதற்குப் பதக்கம் கொடுத்தார்கள்.

நம் ஊர்ச் சபாவின் தாழ்வாரத்தையும் எட்டிப் பார்த்துவிடலாம். பரதநாட்டியத்தில் பிறகலை கலக்கக் கூடாது என்போர், ருக்மிணிதேவி அருண்டேலை ஆடற்கலைக்கு ஈர்த்தவர் ரஷ்யாவின் பாலே அரசி அன்னா பாவ்லோவா என்பதையும், அவர் முதலில் பயின்றது பாவ்லோவா குழுவினரான கிளியோ நார்டியிடம் பாலே என்பதையும் மறந்துவிடுவது ஏனோ! இசைவேளாளர் குலத்துப் பெண்கள் காத்த சதிர், 1930களில் பெயர் மாறி, மேடை மாறி, ஆள் மாறி வந்தபோது அது கலப்பாகத் தெரியவில்லை. ‘மீட்பு’ எனப் பெயர் பெற்றது. மேலிருந்து கலந்தால் மீட்பு, கீழிருந்து கலந்தால் கேடு!

பகுத்தறிவுத் தோழர் ஒருவர் இங்கே குறுக்கிடக்கூடும். எய்லி குழுவின் புகழ்பெற்ற ஆக்கம், 1960இல் வந்த ‘வெளிப்பாடுகள்’, தேவாலயப் பாடல்களால் ஆனதாயிற்றே; ‘லாசரஸ்’ என்பதே செத்தவன் எழுந்த கதையின் பெயராயிற்றே; இதையா நாம் பாராட்டுவது? கேட்க வேண்டிய கேள்விதான். செத்தவன் எழமாட்டான், ஆற்றில் முழுக்கினால் பாவம் போகாது. இதில் ஒட்டு உறவு இல்லை. ஆனால் எழுத்து மறுக்கப்பட்டு, கூட்டம் கூட மறுக்கப்பட்டு, முரசும் மறுக்கப்பட்டவனுக்குக் கூடிப் பாட விட்டுவைத்த ஒரே கூரை அது. ‘விடுதலை’ என்றால் சாட்டை. ‘விண்ணுலகம்’ என்றால் விட்டுவிடுவார்கள். எய்லி மேடையில் வைத்தது அந்தக் கூரையின் கீழ் இருந்த மக்களை: விசிறியோடு வந்து அமரும் மூதாட்டிகளை, வளைந்த முதுகுகளை, நீளும் கைகளை. பூசாரி அதில் பெரியவன் அல்லன். நான் அந்த ஆக்கத்தைப் போற்றுகிறேன். அதன் கடவுளை அல்ல. இரண்டையும் பிரித்தறிய முடியாதவன் பகுத்தறிவாளன் ஆக முடியாது.

தூய்மைவாதியைவிட நான் அஞ்சுவது வேறொருவரை. ‘ஆகா, என்ன அழகிய கலப்பு!’ என்று கைதட்டிவிட்டு வீடு போய் உறங்கும் தாராள மனத்தர் அவர். பாரிஸ் ஆப்பரா 2019இல், ராமோ என்பவரின் 1735ஆம் ஆண்டு இசைநாடகம் ஒன்றுக்குப் பிந்து தெம்பெலேயை ஆடல் அமைக்க அழைத்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் தெருக்களில் பிறந்த ‘கிரம்ப்’ ஆட்டம் பாஸ்தில் மேடையை அதிரவைத்தது. அரங்கம் எழுந்து ஆர்ப்பரித்தது. நன்று! மறு ஆண்டு, அதே நிறுவனத்தின் கறுப்பின ஆடற்கலைஞர்கள் ஓர் அறிக்கை விட வேண்டியிருந்தது. ஏறத்தாழ 400 ஊழியர் கையொப்பமிட்டனர். என்ன கேட்டனர்? எங்கள் தோலுக்கேற்ற காலுறை தாருங்கள், எங்கள் நிறத்துக்கேற்ற ஒப்பனை தாருங்கள், வெள்ளையர் கறுப்பு பூசி எங்களை நடிப்பதை நிறுத்துங்கள் என்று! விருந்தாளியாக வந்த தெருவுக்கு ஓரிரவு மாலை. வீட்டுக்குள்ளேயே இருந்த பிள்ளைக்குக் காலுறை இல்லை. முதற்கறுப்பினத் தலைமை ஆடுநராக கியோம் தியோப் உயர்த்தப்பட்டது 2023இல். கதிரவ மன்னன் கழகம் நிறுவி 362 ஆண்டுகள்!

ஆகவே கலப்பு நிகழ்ச்சியைக் காணச் செல்லும் தோழர்கள் கைதட்டுமுன் சில கேள்வி கேட்கட்டும். தெருவாட்டக்காரனுக்கு ஆண்டுச் சம்பளமா, அன்றைய கூலியா? அடவு அமைத்தவன் பெயர் விளம்பரத்தில் எந்த அளவு எழுத்தில்? பள்ளியில் அவன் மகளைச் சேர்ப்பார்களா? கேத்தரின் டன்ஹாம் 1944இல் லூயிவில் நகரில் ஆடி முடித்து, கைதட்டும் வெள்ளையரைப் பார்த்தே, என் மக்கள் உங்களருகே உட்காரும் வரை இங்கே திரும்பி வரமாட்டேன் என்று சொல்லி இறங்கினார். கைதட்டலுக்கு அவர் மயங்கவில்லை.

இனியும் கலப்பு என்றால் குமட்டுகிறது என்போருக்கு ஒரு வேண்டுகோள். தாங்கள் தூய்மையின் சிகரமெனப் போற்றும் ‘அன்ன ஏரி’ பாலேவுக்கே மறுமுறை சென்று, மூன்றாம் அங்கம் வரை விழித்திருங்கள். அரண்மனை விருந்திலே ஹங்கேரியர் ஆட்டம் வரும், ஸ்பானியர் ஆட்டம் வரும், நேப்பிள்ஸ் ஆட்டம் வரும், போலந்தின் மசூர்க்கா வரும். விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்து சொல்லுங்கள்.