ஒயருக்கு லைசென்ஸ் உண்டு, தளத்துக்கு இல்லை

புது வீடு கட்டிய ஒருவர் "தளம் ஒழுகுது" என்று சொன்னால் ஊரில் அவருக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான். "வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்னு சும்மாவா சொன்னாங்க?" இந்தப் பழமொழியின் மேல் எனக்கு ரொம்ப நாளாகக் கோபம் உண்டு. கஷ்டம் வரத்தான் செய்யும், வாயை மூடிக்கொண்டு பொறுத்துக்கொள் என்று சொல்லத்தான் இதை எடுக்கிறோம். தளம் ஒழுகுவது தலையெழுத்தால் வருவதில்லை. ஒருவர் செய்த வேலையால் வருகிறது. அந்த ஒருவரைக் கேட்க நாட்டில் ஆள் இல்லை.

நான் மின்வாரியத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். புது வீட்டுக்குக் கரண்ட் கேட்டு யார் வந்தாலும், ஒயரிங் முடித்த டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கிறதா என்று பார்ப்போம். அதில் லைசென்ஸ் உள்ள மின் ஒப்பந்தக்காரரின் கையெழுத்து இருக்க வேண்டும். 1956-ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகளில் 45-ஆவது விதி அதைச் சொன்னது. பிறகு விதிகள் மாறின, அந்த ஏற்பாடு மாறவில்லை. லைசென்ஸ் கொடுப்பதற்கென்றே தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் தனியாக இருக்கிறது. கொடுத்ததைப் பிடுங்கவும் அதற்கு அதிகாரம் உண்டு.

அதே வீட்டின் தளத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 சதுர அடியில் 5 அங்குலக் கனத்துக்குக் கான்கிரீட் போட்டால் கிட்டத்தட்ட 30 டன் எடை. அதன் கீழேதான் பெண்டாட்டி பிள்ளைகளோடு படுத்துத் தூங்குகிறோம். ஒயர் இழுக்கிறவருக்கு லைசென்ஸ் வேண்டும். இந்த 30 டன்னைத் தலைக்கு மேல் நிறுத்துகிறவருக்கு ஒரு சீட்டும் வேண்டாம். நேற்றுவரை வேறு தொழில் பார்த்தவர் இன்று ஒரு கலவை மெஷினை வாடகைக்கு எடுத்து "பில்டர்ஸ்" என்று போர்டு மாட்டினால் முடிந்தது.

வரைபடத்தில் கையெழுத்துப் போடும் பொறியாளருக்குப் பதிவு எண் உண்டு. 2019-ஆம் வருஷத்துக் கட்டட விதிகள் அதைக் கேட்கின்றன. ஆனால் நம் ஊர் போன்ற இடத்தில் சொந்த மனையில் கட்டும் சின்ன வீட்டுக்கு, கட்டுகிற காண்ட்ராக்டர் யார், அவர் எண் என்ன என்று கேட்பார் இல்லை. 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு, இணையத்தில் விண்ணப்பித்தால் உடனே அனுமதி. அலைச்சல் குறைந்தது, லஞ்சமும் குறையும், நல்ல காரியம்தான். ஆனால் வந்து பார்க்கிற ஆளும் குறைந்து, கட்டுகிறவரைக் கேட்கும் வழியும் இல்லை என்றால், மொத்தப் பொறுப்பும் வீட்டுக்காரர் தலையில் விழுகிறது. அவருக்குச் சிமெண்டைப் பற்றி என்ன தெரியும்?

குரும்பலூரில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, சிங்கப்பூரில் பன்னிரண்டு வருஷம் கட்டட வேலை பார்த்து வந்த காசில் வீடு கட்டினார். பாதி நாள் அவர் அங்கே, வேலை இங்கே. மூன்றாவது வருஷ ஐப்பசி மழையில் படுக்கை அறை மேல்தளத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்து, குழந்தையின் தூளிக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. கூப்பிட்டார், போய்ப் பார்த்தேன். கம்பி துருப்பிடித்து வெளியே தெரிந்தது. கம்பிக்குக் கீழே கான்கிரீட்டே இல்லை, பூச்சு மட்டும்தான். கம்பி கட்டும்போது அடியில் கவர் பிளாக் வைக்காமல் சென்ட்ரிங் பலகை மேலேயே படுக்கப் போட்டிருக்கிறார்கள். தளத்துக்குக் குறைந்தது 20 மில்லிமீட்டர் மறைப்பு வேண்டும் என்று ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி சொல்கிறது. ஒரு கவர் பிளாக் விலை ஒரு டீ காசுகூட ஆகாது.

காண்ட்ராக்டரைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு வந்த பதில்: "சிமெண்ட் நீங்க வாங்கிக் குடுத்தது தம்பி. தண்ணி சரியா விடாதது உங்க வீட்டு ஆளுங்க. நான் என்ன பண்றது?" அதோடு போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். தம்பி நகையை வைத்துத் தளத்தைக் கொத்திச் சரிசெய்தார். அந்தக் காண்ட்ராக்டர் இப்போது பக்கத்து ஊரில் இரண்டு வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். இங்கே நடந்தது அந்த இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் தெரியாது. நான் கேட்பதும் அதைப் பற்றித்தான்.

"கேஸ் போட வேண்டியதுதானே" என்பார்கள். போடலாம். 1993-ல் நுகர்வோர் சட்டத்தைத் திருத்தி வீடு கட்டுவதையும் ஒரு சேவையாகச் சேர்த்தார்கள். அதே வருஷம் நவம்பரில் லக்னோ வளர்ச்சி ஆணையத்துக்கு எதிராக எம்.கே. குப்தா என்ற வீட்டுக்காரர் நடத்திய வழக்கில், குறைபாட்டுக்கு இழப்பீடு உண்டு என்றது உச்ச நீதிமன்றம். அந்த மன உளைச்சலுக்கான தொகையை, பொறுப்பான அதிகாரிகளிடமிருந்தே வசூலிக்கச் சொன்னது. இப்போதைய 2019 சட்டப்படி 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. ஆனால் இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். தளம் மூன்றாவது வருஷம் உதிர்ந்தால் எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதிலேயே வாய்தா ஓடிவிடும். சரி, ஜெயித்தே விட்டார் என்று வையுங்கள். இழப்பீடு அந்த ஒருவருக்கு. அடுத்த தெருக்காரருக்கு என்ன பாதுகாப்பு? கோர்ட் பணத்தை வாங்கிக் கொடுக்கும், அந்த ஆள் அடுத்த தளம் போடுவதைத் தடுக்காது.

சென்னையில் அடுக்குமாடி வாங்குகிறவருக்கு 2016-ஆம் வருஷத்து ரெரா சட்டம் இருக்கிறது. ஐந்து வருஷத்துக்குள் கட்டமைப்புக் குறை வந்தால், சொன்ன 30 நாளில் விற்றவர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். பதிவையே ரத்து செய்யவும் முடியும். ஆனால் அந்தச் சட்டம் மனை விற்று, வீடு கட்டி விற்கிறவர்களுக்கு. தன் மனையில் காண்ட்ராக்ட் விட்டுக் கட்டுகிறவரை அது திரும்பிப் பார்ப்பதில்லை. மாவட்டத்தில் பெரும்பாலோர் கட்டுவது அப்படித்தான்.

அரசாங்கம் தன் வேலை என்றால் விவரமாக இருக்கிறது. பொதுப்பணித் துறையில் ஒப்பந்தக்காரரை வகுப்பு வாரியாகப் பதிவு செய்துதான் டெண்டர் கொடுக்கிறார்கள். சரியில்லை என்றால் கறுப்புப் பட்டியல். 2021-ல் புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்குமாடியில் சுவர்ப் பூச்சு கை வைத்தால் உதிர்ந்தபோது பொறியாளர்களைச் சஸ்பெண்ட் செய்தார்கள், சென்னை ஐ.ஐ.டி.யை விட்டு ஆய்வு செய்தார்கள். மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-ல் 11 மாடி சரிந்து 61 பேர் செத்த பிறகு விசாரணைக் கமிஷன் வந்தது. அரசு வீடு உதிர்ந்தால் ஐ.ஐ.டி., ஆள் செத்தால் கமிஷன், நம் வீட்டுத் தளம் உதிர்ந்தால் பழமொழி!

அந்தத் தம்பி சிங்கப்பூர் போகும் முன் இங்கேயே ஒரு பயிற்சி மையத்தில் அந்நாட்டுக்காரர்களின் தேர்வு எழுதி, கம்பி கட்டிக் காட்டிப் பாஸான பிறகுதான் விசாவே வந்தது. அங்கே கட்டட நிறுவனத்துக்கும் லைசென்ஸ் உண்டு. நம் பையன் அந்நிய நாட்டில் கம்பி கட்டத் தேர்வு. அவன் வீட்டுக்குக் கம்பி கட்ட எவரும் வரலாம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1929 முதல் காண்ட்ராக்டர்களுக்கென்றே ஒரு லைசென்ஸ் வாரியம் இருக்கிறது. வீட்டுக்காரர் புகார் கொடுத்தால் விசாரித்து லைசென்ஸை நிறுத்தி வைப்பார்கள், தேவைப்பட்டால் ரத்து செய்வார்கள். எண்ணைப் போட்டுப் பார்த்தால் லைசென்ஸ் நிலவரம் யாருக்கும் தெரியும். காண்ட்ராக்டர் 25,000 டாலருக்கு ஈட்டுப் பத்திரமும் வைத்திருக்க வேண்டும்.

இதைச் சொன்னால் மூன்று மறுப்பு வரும்.

முதலாவது, லைசென்ஸ் வந்தால் கையெழுத்து வியாபாரம்தான் நடக்கும் என்பது. உண்மைதான். ஒயரிங்கைக் கண்ணால் பார்க்காமல் ரிப்போர்ட்டில் கையெழுத்து விற்கிறவர்கள் உண்டு என்பது ஊரறிந்த கதை. காரணம், கையெழுத்துக்காக லைசென்ஸ் போனதாக ஊரில் யாரும் கேள்விப்படுவதில்லை. லைசென்ஸின் மதிப்பு அதைக் கொடுப்பதில் பாதிகூட இல்லை, பிடுங்க முடியும் என்ற பயத்தில் இருக்கிறது. ஆகவே பிடுங்கும் ஏற்பாட்டை முதலில் செய்யுங்கள்.

இரண்டாவது, சின்னக் கொத்தனார் பிழைப்பு போய்விடும் என்பது. கூலிக்கு வரும் கொத்தனாரையும் சித்தாளையும் நான் சொல்லவில்லை. மொத்தமாகப் பேசி, சதுர அடிக்கு இவ்வளவு என்று முன்பணம் வாங்குகிறவர் மட்டும் பதிவு செய்யட்டும். நல்ல மேஸ்திரிக்கு இது லாபம். இன்று அவர், கம்பியைக் குறைத்து ரேட்டைக் குறைக்கிறவரோடு போட்டி போட்டுத் தோற்கிறார்.

மூன்றாவது, வீட்டுக்காரரும் யோக்கியம் இல்லை என்பது. ஒத்துக்கொள்கிறேன். கடைசித் தவணையைக் கொடுக்காமல் இருக்கக் குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பத்து நாள் தண்ணீர் கட்டச் சொன்னால் மூன்று நாளில் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் விசாரணை வேண்டும் என்கிறேன். கறுப்புப் பட்டியலில் சேர்க்கும் முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று 1974-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காலவரம்பு இல்லாமல் ஒதுக்கி வைக்கக்கூடாது, தப்புக்குத் தக்கபடிதான் தண்டனை என்று 2013-ல் சொன்னது. அந்த நியாயம் நம் ஊர்க் காண்ட்ராக்டருக்கும் வேண்டும். இன்று டீக்கடையில் அவர் பெயர் கெடுகிறதே, அங்கே அவர் தரப்பைக் கேட்பது யார்?

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. மாவட்டத்துக்கு ஒரு பதிவேடு. கட்டட அனுமதியில் காண்ட்ராக்டர் பெயரும் எண்ணும். தளம் போட்ட நாளிலிருந்து ஐந்து வருஷம் புகார் கொடுக்க உரிமை. புகார் வந்தால் சம்பந்தமில்லாத ஒரு பொறியாளர் வந்து இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். காண்ட்ராக்டர் மேல் தப்பு என்றால் முதலில் சரிசெய்யச் சொல்ல வேண்டும். செய்யாவிட்டால் ஆறு மாதம் நிறுத்தம், மறுபடியும் என்றால் ரத்து. பொய்ப் புகார் என்றால் ஆய்வுச் செலவு வீட்டுக்காரருடையது. முடிவை பேரூராட்சி அலுவலக நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும்.

பக்கத்து அரியலூரில் மலைமலையாகச் சுண்ணாம்புக்கல் தோண்டி ஊருக்கெல்லாம் சிமெண்ட் அனுப்புகிறோம். மூட்டைக்கு மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடிப் பார்த்து வாங்குகிறோம். அதைக் கலக்கிற கைக்கும் ஒரு முத்திரை வேண்டும். கை சரியில்லை என்றால் அதை அழிக்கவும் ஒருவர் வேண்டும்.