வாழைக்காய்க் கஞ்சிப் பொடியில் மஞ்சள் சேர்த்தால் மருந்தாகுமா?

‘மொந்தன் வாழைக்கு இடையில் மஞ்சள் போட்டிருக்கிறோம். தார் விலை இறங்கும்போது, காயைச் சீவிக் காயவைத்து அரைத்து, மஞ்சள், வெந்தயம், மிளகு சேர்த்துக் கஞ்சிப் பொடியாக விற்க நினைக்கிறோம். மஞ்சளின் மருந்துச்சத்து உடம்பில் சேருமா? சர்க்கரை, தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கொடுக்கலாமா?’

- வாசகர், ஜீயபுரம், ஸ்ரீரங்கம் வட்டம்.

உணவாகத் தாராளமாக விற்கலாம். மருந்து என்று சொல்லி விற்கக் கூடாது. காரணம், இந்தப் பொடி வயிற்றுக்குள் போனதும் நடக்கும் வேலைகளில் இருக்கிறது.

மஞ்சளில் மருந்துக் குணம் உள்ள பொருள் குர்குமின். மஞ்சள் தூளில் இது சுமார் 3 சதவிகிதம்தான். அதிலும் ரத்தத்தில் சேருவது மிகக் குறைவு. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்து, 1998-ல் வெளியான ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு, மிளகில் உள்ள பைபரின் 20 மில்லி கிராம் கொடுத்தார்கள். ரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு கூடியது. ஆனால், 2 கிராம் குர்குமினுக்கு 60 கிராமுக்கு மேல் மஞ்சள் தூள் வேண்டும். ஒரு டம்ளர் கஞ்சியில் அவ்வளவு போட முடியாது.

ரத்தத்தில் சேராத குர்குமின் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் அதை வேறு பொருளாக மாற்றுகின்றன. குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா இதைச் செய்யும் விதத்தை ஜப்பான் விஞ்ஞானிகள் 2011-ல் கண்டறிந்தார்கள். இந்தப் பாக்டீரியாக்கள் ஆளுக்கு ஆள் மாறுபடும். அதனால், ஒரே கஞ்சி எல்லோருக்கும் ஒரே பலனைத் தராது.

கால்நடை வளர்ப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். சவுண்டல் தழையில் மைமோசின் என்ற நச்சு உண்டு. அதைத் தின்ற ஆஸ்திரேலிய மாடுகளுக்கு முடி கொட்டியது. ஹவாய் தீவின் ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஆடுகளின் வயிற்றிலிருந்த பாக்டீரியாவை மாடுகளுக்கு ஏற்றிய பிறகு, அவையும் தாக்குப்பிடித்தன. தழை ஒன்றுதான், வயிறுதான் வேறு.

அந்தப் பாக்டீரியாக்களுக்குத் தீனி, பாலிசாக்கரைடு எனப்படும் கூட்டுச் சர்க்கரைகள். வாழைக்காயில் எளிதில் செரிக்காத மாவுச்சத்தாக இது நிறைய இருக்கிறது. பழுத்தால் சர்க்கரையாக மாறிவிடும். அதனால், பழுக்கத் தொடங்காத காயைத்தான் மாவாக்க வேண்டும். மாவைக் கொதிக்கவைத்தால் இந்தச் சத்து பெருமளவு குறையும். ஆறியபின் ஓரளவு திரும்பும்.

வெந்தயத்தின் வழவழப்பும் கூட்டுச் சர்க்கரைதான். வெந்தய நாரோடு குர்குமினைத் தனி முறையில் சேர்த்தால் நன்றாக உறிஞ்சப்படுவதாக ஆய்வுகள் உள்ளன. வீட்டில் இரண்டு தூளையும் கலப்பது அதற்கு ஈடாகாது.

கவனிக்க வேண்டிய இடம் இனிதான். அதே வழவழப்பு, மாத்திரையையும் பிடித்துவைத்துக்கொள்ளும். தைராய்டு மாத்திரையைப் போட்ட கையோடு நார்ச்சத்து மிகுந்த கஞ்சி குடித்தால், மருந்து முழுதாகச் சேராது. வெந்தயம் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் என்பதால், சர்க்கரை மாத்திரையோடு சேரும்போது அளவுக்கு மீறி இறங்க வாய்ப்புண்டு. மிளகின் பைபரின் சில மருந்துகளின் அளவை ரத்தத்தில் கூட்டிவிடும். வலிப்பு மருந்து சாப்பிடுபவர்கள் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சமையலில் தாளிக்கும் அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. தினமும் கரண்டிக் கணக்கில் சாப்பிடும்போதுதான் சிக்கல்.

எனவே, வாழைக்காய் மாவைத் தனியாகவும், மசாலா சேர்த்ததைத் தனியாகவும் விற்பது நல்லது. ‘தினமும் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்டுப் பயன்படுத்தவும்’ என்று பாக்கெட்டில் அச்சிடுங்கள். ‘சர்க்கரை நோய் தீரும்’ என்று போடாதீர்கள். உணவு, நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்ய 2018-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் இடம் தருவதில்லை. விற்பனைக்கு முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்வது கட்டாயம்.

மாவு தயாரிப்புக்கு, திருச்சி தாயனூரில் 1993 முதல் இயங்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தை அணுகலாம். வாழையில் மதிப்புக்கூட்டும் பயிற்சிகள் அங்கே நடக்கின்றன. காயின் பக்குவம், காயவைக்கும் முறை இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, முதலில் சிறிய அளவில் தொடங்குங்கள்.