புரிந்தது போலத் தலையாட்டியவன்

ஆம்பூரில் ஒரு டேனரியின் ஏற்றுமதிப் பிரிவில் நான் இருந்தபோது கிளாஸ்கோவிலிருந்து ஒரு பையர் வந்தார். ஷூ மேல்தோல் 1.2 முதல் 1.4 மி.மீ. தடிமன் இருக்க வேண்டும், அதற்கு 'அவுட்வித்' இருப்பதைத் தனியாக பேக் பண்ணுங்கள் என்றார். என் காதில் விழுந்தது 'வித்'தும் 'பேக்'கும்தான். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டச் சொல்கிறார் என்று எண்ணி, 'எஸ் சார்' என்றேன். ஸ்காட்லாந்துக்காரர்கள் பேச்சில் 'அவுட்வித்' என்றால் 'வெளியே' என்று அப்புறம்தான் தெரிந்தது. கண்டெய்னர் ஏறுவதற்கு முந்தின இரவு கட்டுகளைப் பிரித்து மறுபடி அசார்ட்டிங். ஆறு அசார்ட்டர்களுக்குத் தூக்கம் போயிற்று, தலையாட்டியவன் நான்.

உண்மையில் அவர்கள் உச்சரிப்பு நமக்குக் கிட்டத்தில்தான் இருக்கிறது. லண்டன்காரர் 'கார்', 'கேர்ள்' என்பதில் 'ர்'ரை விழுங்குவார். ஸ்காட்லாந்துக்காரர் நம்மைப் போலவே அழுத்திச் சொல்வார். 'கோட்', 'ஃபேஸ்' எல்லாம் நம் ஓகாரம், ஏகாரம் மாதிரியே வரும். இடறுவது சொற்களில்தான். 'வீ' என்றால் சின்னது. 'ஐ' என்றால் பல நேரம் 'நான்' அல்ல, 'ஆமாம்'. கிளாஸ்கோவில் 'வாட்டர்' கேட்டால் நடுவிலுள்ள 'ட்' தொண்டையிலேயே நின்றுவிடும்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் பிள்ளைகளுக்கு லண்டன் உச்சரிப்பைப் பழக்குவது வீண் செலவு என்பேன். 'புரியவில்லை, எழுதிக் கொடுங்கள்' என்று கூசாமல் கேட்கப் பழக்கட்டும். நம்மூர் 'நக்கோ' சென்னைக்காரருக்கே புரிவதில்லையே! அந்த கிளாஸ்கோக்காரரும் என்னிடம் மூன்று முறை 'மெதுவாகப் பேசுங்கள்' என்று கேட்டார். அவர் கொஞ்சமும் வெட்கப்படவில்லை.