தொட்டில் கட்டியாச்சு, தாய்க்குச் சோறு எங்கே?



வீட்டில் ஒரு பெண் ஏழு, எட்டு மாதக் கர்ப்பிணியாக இருந்தால் நாம் என்னென்ன சேர்க்கிறோம்? தொட்டில் புடவை, குழந்தைச் சட்டை, கொசுவலை, சோப்பு, பவுடர். வளைகாப்பு வைத்து, விதவிதமாகச் சோறு ஆக்கி, வந்தவர்களுக்கெல்லாம் போடுகிறோம். எல்லாம் சரிதான். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு வந்து இறங்குகிறாளே, அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிட வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்பார்கள். யார் பார்த்துக்கொள்வது? அதுதான் இன்றைய கேள்வி.

லயத்தில் வாழ்ந்த காலத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா ரசம் கொண்டுவருவார். எதிர் வீட்டுப் பெரியம்மா சரக்கு அரைத்துக் கொடுப்பார். மருத்துவச்சிப் பாட்டி பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டுப் போவார். யாரும் கூப்பிட்டு வரவில்லை. பிள்ளைச் சத்தம் கேட்டாலே போதும், வந்துவிடுவார்கள். லயத்து வாழ்க்கையில் கஷ்டம் நிறைய இருந்தது; அதை மறைக்க வேண்டாம். ஆனாலும் பிள்ளை பெற்றவள் தனியாகக் கிடந்ததில்லை.

இன்று சுங்கை பூலோ வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் தோட்டம் இருந்த நிலத்தில் குவாசா டாமன்சாரா நகரம் எழும்பி நிற்கிறது. எல்மினா தோட்டம் என்று நாம் சொன்ன இடத்தில் வரிசை வரிசையாகப் புது வீடுகள். தோட்டம் போனதும் குடும்பங்கள் சிதறின. மாமியார் கோல சிலாங்கூரில், அம்மா பந்திங்கில், மகள் அடுக்குமாடியில் நாலாவது மாடியில். பக்கத்துக் கதவு எப்போதும் பூட்டு. தோட்டத்திலேயே இன்னும் இருப்பவர்களுக்கும் பழைய கூட்டம் இல்லை. பாதி வீடு காலி. சுகப்பிரசவம் என்றால் ஒன்றிரண்டு நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிடுகிறார்கள். தையல் ஆறவில்லை, தூக்கம் இல்லை, இரண்டு மணிக்கொரு தரம் பிள்ளை பாலுக்கு அழுகிறது. இந்த நிலையில் அவளே எழுந்து அடுப்பு மூட்ட வேண்டுமா?

ஆகவே இந்தப் பகுதியின் கருத்து இதுதான். பிள்ளைக்குத் துணி சேர்ப்பதற்கு முன்னால் தாய்க்குச் சாப்பாடு சேர்க்க வேண்டும். அதைச் சேர்க்க வேண்டிய முதல் ஆள் அவளல்ல, அவள் புருஷன்.

சட்டமும் இப்போது இதற்கு வழி வைத்திருக்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி வெகுகாலம் பிரசவ விடுப்பு 60 நாள்தான். 2023 ஜனவரி 1 முதல் அது 98 நாள். அதே நாளிலிருந்து தகப்பனுக்கும் சம்பளத்தோடு தொடர்ந்து 7 நாள் விடுப்பு உண்டு. சட்டப்படி திருமணம் ஆகியிருக்க வேண்டும். அதே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். பிள்ளை பிறக்கும் தேதிக்கு 30 நாள் முன்னதாகவோ, கூடிய சீக்கிரத்திலோ முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். வாயால் சொன்னால் போதாது. எழுதிக் கொடுத்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். கேட்கத் தயங்கினால் கிளைச் செயலாளரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

தோழரே, அந்த 7 நாள் எதற்கு? கூட்டாளிகளுக்கு விருந்து வைப்பதற்கா? நாலாம் நம்பர் கடையில் உட்கார்ந்து "எனக்கு மகன் பிறந்திருக்கான்" என்று சொல்லிக்கொண்டிருப்பதற்கா? சோறு ஆக்க, துணி துவைக்க, பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு அவளைத் தூங்கவிட. அதற்குத்தான். "எனக்குச் சமைக்கத் தெரியாதே" என்பவருக்கு ஒரு வார்த்தை: பிள்ளை பிறக்க மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது. கஞ்சி காய்ச்சவும், முட்டை அவிக்கவும், ரசம் வைக்கவும் அது போதாதா?

இனி என்ன சேர்ப்பது என்று பார்ப்போம். எட்டாம் மாதம் பிறந்ததும் தொடங்குங்கள்; பிள்ளை தேதி பார்த்து வருவதில்லை.

கெடாத சாமான் முதலில். அரிசி, துவரம்பருப்பு, பாசிப்பருப்பு, வெந்தயம், மிளகு, சீரகம், பூண்டு, இஞ்சி, நல்லெண்ணெய். ரவையைச் சிவக்க வறுத்து ஆறவைத்து டின்னில் அடைத்துவிட்டால் கால் மணி நேரத்தில் உப்புமா தயார். அரிசியையும் பாசிப்பருப்பையும் வறுத்து ஒன்றிரண்டாக உடைத்து வைத்தால் எந்த நேரமும் கஞ்சி காய்ச்சலாம். சத்துமாவு, ஓட்ஸ், மேரி பிஸ்கட், வறுத்த கடலை. இவை ராத்திரிப் பாலூட்டும்போது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி இருந்தால் சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தே ஒரு வேளையை ஒப்பேற்றலாம்.

உடம்பு தேறப் புரதம் வேண்டும். ஒரு தட்டு முட்டை வாங்கி வையுங்கள். நெத்திலியைத் தலை கிள்ளி, கழுவி, காயவைத்துப் போத்தலில் போடுங்கள். நாலைந்து டின் சாடின் இருக்கட்டும். முருங்கைக்கீரை நம் மக்கள் வீட்டுப் பக்கம் எங்காவது ஒரு மரத்தில் இல்லாமல் போகாது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கருவாட்டையும் ஊறுகாயையும் குறைக்க வேண்டும். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் கருப்பட்டியையும் இனிப்பு லேகியத்தையும் தள்ளிவைக்க வேண்டும்.

ஐஸ்பெட்டி உள்ளவர்கள் ஆக்கியும் வைக்கலாம். சாம்பார், கோழிக்குழம்பு, மீன் குழம்பு, அவித்த பருப்பு, இஞ்சி பூண்டு விழுது இவற்றை ஒருவேளைக்கு ஒரு டப்பாவாகப் பிரித்து, தேதி எழுதி, உறையும் தட்டில் வையுங்கள். ஆக்கிய சாப்பாட்டை நம் ஊர் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. கீழ்த்தட்டில் வைத்தால் மூன்று நாளைக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். எடுத்ததை நன்றாகக் கொதிக்கவைத்து ஒரே வேளையில் முடியுங்கள். திரும்பத் திரும்பச் சூடாக்கிச் சாப்பிடுவது வயிற்றுப்போக்குக்கு வழி.

இந்தச் சாமான் பட்டியலில் ஒன்று மட்டும் வேண்டாம்: பால் டின்.

இது நம் மண்ணில் பழைய வழக்கு. சிங்கப்பூரில் பணியாற்றிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1939-ல் அங்குள்ள ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசினார். குழந்தைக்கு உதவாத இனிப்பு டின் பாலைத் தாய்ப்பாலுக்குச் சமம் என்று தாய்மாரிடம் சொல்லி விற்பதைக் கொலை என்றே அவர் சாடினார். நாற்பது ஆண்டு கழித்து, 1979-ல், நம் நாட்டில் குழந்தைப் பால்மாவு விற்பனைக்கு ஒழுக்க விதிகள் வந்தன. 1981-ல் உலக சுகாதார நிறுவனமும் விதி வகுத்தது. இத்தனைக்குப் பிறகும், "பால் பத்தலை, ஒரு டின் வாங்கி வந்துடு" என்ற பேச்சு நம் வீடுகளில் ஓயவில்லை. கடையில் இப்போது விற்கும் பல டின்களில் இருப்பது பாலே அல்ல. சர்க்கரையும் செம்பனை எண்ணெயும் சேர்ந்த இனிப்புக் கிரீமர். தேத்தண்ணிக்கு ஊற்றலாம்; பிள்ளை வாயில் ஊற்றக் கூடாது.

முதல் இரண்டு மூன்று நாள் மஞ்சளாகக் கொஞ்சமே வரும் சீம்பால் போதுமா என்று பயப்படுகிறார்கள். பிறந்த பிள்ளையின் வயிறு மிகச் சிறியது. அதற்கு அந்தச் சில சொட்டே சாப்பாடு, அதுவே முதல் தடுப்பு மருந்து. பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் பால் சுரக்கும். டின் பாலால் வயிறு நிறைந்த பிள்ளை மார்பில் குடிக்காது. குடிக்காவிட்டால் சுரப்பது குறையும். குறைந்ததும் இன்னொரு டின். அப்புறம் மாதா மாதம் சம்பளத்தில் பால் டின்னுக்கு ஒரு பங்கு. சேனை வைக்கிறோம் என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தடவுவதும் வேண்டாம். ஒரு வயது ஆகும்வரை தேன் குழந்தைக்கு ஆபத்து. உண்மையிலேயே பாலூட்ட முடியாத தாய்மார்களும் உண்டு; அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அவர்கள் தாதியையோ டாக்டரையோ கேட்டு, அவர்கள் சொல்லும் குழந்தைப் பால்மாவைச் சொன்ன அளவில் கரைத்துக் கொடுக்கட்டும்.

இனிப் பத்தியம். பாட்டிமார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, கோழி ரசம், முருங்கைக்கீரை ஆகிய நம் பத்தியச் சாப்பாட்டில் நல்லது நிறைய உண்டு. அதைக் கைவிட வேண்டாம். ஆனால் "தண்ணி குடிச்சா வயிறு ஊதிடும், நாக்கை மட்டும் நனைச்சிக்கோ" என்கிறார்களே, அதை மட்டும் விட்டுவிடுங்கள். பால் கொடுப்பவளுக்குத் தாகம் அதிகம். தாகத்துக்குக் குடிக்கத்தான் வேண்டும். தண்ணீரும் இல்லாமல், எழுந்து நடக்கவும் விடாமல் படுக்கையிலேயே போட்டுவைத்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. அந்தக் கட்டி நெஞ்சுக்கு ஏறினால் உயிருக்கே உலை. பழமும் காயும் "குளிர்ச்சி" என்று ஒதுக்கினால் மலம் கட்டி, தையல் போட்ட இடத்தில் உயிர் போகும் வலி. பால் கொடுப்பவளுக்கு வழக்கத்தைவிட ஏறக்குறைய 500 கலோரி கூட வேண்டும். அதாவது ஒரு வேளைச் சாப்பாடு அதிகம். ஒரு வேளை குறைவு அல்ல. கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். பேர் தெரியாத லேகியம், பொட்டல மருந்து எதுவானாலும் வீட்டுக்கு வரும் தாதியிடம் காட்டிய பிறகே வாயில் போடுங்கள்.

இன்னொன்று. குழந்தைத் துணி வைத்த பெட்டியில் அந்துருண்டை போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தைக்கு அந்த உருண்டையின் வாடையே இரத்தத்தைச் சிதைத்து, கடும் மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். நம் நாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தச் சோதனை செய்கிறார்கள். முடிவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்துருண்டையை எப்படியும் எடுத்துப் போட்டுவிடுங்கள்.

சாப்பாட்டால் தீராத சங்கதிகளும் உண்டு. இரத்தப்போக்கு அதிகமாகிறது, காய்ச்சல் அடிக்கிறது, தலை பிளக்கிறது, கண் மங்குகிறது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது, பிள்ளை மஞ்சளாகிப் பால் குடிக்காமல் தூங்கியே கிடக்கிறது. இவற்றில் எது நடந்தாலும் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரி.

கடைசியாக, கிளைத் தோழர்களுக்கும் மாதர் பகுதித் தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். லயத்துப் பெரியம்மாவைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆனால் அவர் செய்ததைப் பத்துப் பேர் பகிர்ந்து செய்ய முடியும். உங்கள் தோட்டத்தில், உங்கள் அடுக்குமாடியில், யார் யாருக்கு எந்த மாதம் பிரசவம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பத்து வீடு சேர்ந்து வீட்டுக்கு ஒரு வேளை என்று எடுத்துக்கொண்டால், பத்து வேளைச் சாப்பாடு ஆச்சு. யாருக்கும் பாரம் இல்லை. பார்க்கப் போகும்போது பிள்ளைக்கு ஆறாவது துவாலை வாங்கிக்கொண்டு போகாதீர்கள். ஒரு தூக்குச் சட்டியில் சூடாக ரசமும், நாலு அவித்த முட்டையும் கொண்டுபோங்கள். கதவைத் திறந்தவுடன் பிள்ளையைத் தூக்கக் கை நீட்டாமல், "நீ சாப்பிட்டியாம்மா?" என்று முதலில் தாயைக் கேளுங்கள்.