ஆளில்லாத யுத்தம் எங்கே நடக்கிறது?

சென்ற இதழில் நண்பர் எழுதியிருந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ட்ரோன் வந்துவிட்டது, யுத்தத்திலிருந்து மனிதன் வெளியேறிவிட்டான், இனி இயந்திரமும் இயந்திரமும் மோதிக்கொள்ளும், ஆகவே யுத்தம் பற்றிய நம் பழைய எழுத்தெல்லாம் காலாவதி என்பது அவர் கட்சி. அவர் சிலாகித்திருக்கும் கவிதைகளில் ஒன்றில் ட்ரோன் இரும்புக் கழுகாக வருகிறது. இன்னொன்றில் இமைக்காத கடவுள். நம் வட்டத்தில் பலருக்கு இது பிடித்துப்போயிருப்பதாகக் கேள்வி. என் மறுப்பு படிமங்களைப் பற்றியது மட்டுமல்ல. விஷயமே தப்பு.

நண்பரின் ஆதாரம் 2020-ல் அஜர்பைஜானும் ஆர்மீனியாவும் நகோர்னோ-கராபாக்கில் நடத்திய நாற்பத்து நான்கு நாள் யுத்தம். துருக்கியின் பைரக்தார் விமானம் டாங்கிகளைச் சிதறடித்த வீடியோக்களை நானும் பார்த்தேன். அவற்றை எடுத்தது அந்த விமானத்தின் காமிராவே என்பதை நண்பர் யோசித்ததாகத் தெரியவில்லை. கொல்கிற கருவியே தன் சரித்திரத்தையும் எழுதித் தருகிறது, நாம் அதை வாங்கி இலக்கியக் கொள்கை செய்கிறோம். அதே பைரக்தார் 2022-ல் உக்ரைனில் முதல் சில வாரங்கள் கொடிகட்டிப் பறந்தது. ரஷ்யர்களின் வான்காப்பு நிலைபெற்றதும் முன்களத்தில் அநேகமாகக் காணாமல் போயிற்று. நிலைத்தது சில நூறு டாலர் பெறுமான சின்ன ட்ரோன்தான். இந்தக் கதை நண்பரின் கட்டுரையில் இல்லை.

அந்த ஆண்டு பிப்ரவரி கடைசியில் கீவ் நகருக்கு வடக்கே அறுபது கிலோமீட்டருக்கு மேல் நீண்டு நின்ற ரஷ்ய வாகன வரிசையும் இல்லை. உக்ரைன்காரர்கள் அதைத் தாக்கினார்கள், வாஸ்தவம். ஆனால் அது நின்றதற்குப் பெரிய காரணம் டீசலும் சாப்பாடும் போய்ச் சேரவில்லை, சேற்றில் பாதையை விட்டு இறங்க முடியவில்லை என்பதுதான்.

நான் பாங்கில் குமாஸ்தா. கிளையில் ரொக்கம் குறைந்தால் கரன்சி செஸ்டிலிருந்து வேன் வர வேண்டும். அங்கே எத்தனை கோடி இருந்தாலும், வேன் வராத அன்று கவுண்டரில் நிற்கிறவருக்குப் பணம் இல்லைதான். யுத்தம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த அளவில்தான், ஆனால் இது போதும் என்று நினைக்கிறேன்.

2024 ஆகஸ்டில் உக்ரைன் படை எல்லை தாண்டி ரஷ்யாவின் கூர்ஸ்க் பிரதேசத்தில் நுழைந்து சுட்ஜா என்ற சிற்றூரைப் பிடித்தது. உலகம் பிரமித்தது. அங்கே உணவும் குண்டும் போக முக்கியமான சாலை ஒன்றுதான், சுமி நகரிலிருந்து யுனாகிவ்கா வழியாக. குளிர்காலத்தில் ரஷ்யர்கள் அந்தச் சாலையின் மேல் ட்ரோன்களைக் குவித்தார்கள். அவற்றில் பல ரேடியோ அலையை நம்பியவை அல்ல. உடம்போடு ஒரு நூல்கண்டு, அதிலிருந்து மெல்லிய கண்ணாடி இழை பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு அவிழ்ந்துகொண்டே வரும். அலைகளைக் குழப்பி இதை வீழ்த்த முடியாது. சாலையோரம் இறங்கி உட்கார்ந்து, வண்டி வரும்வரை காத்திருந்து எழும்பும். முன்வரிசையில் போராடுகிறவனைத் தொடவே வேண்டாம். அவனுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற டிரைவரைக் கொன்றால் போதும். 2025 மார்ச்சில் சுட்ஜா கைவிட்டுப் போனபோது, எரிந்து கிடந்த வண்டிகளுக்கிடையே சிப்பாய்கள் நடந்தே திரும்பினார்கள். ரஷ்யர்களின் ஆள்பலமும் வட கொரியத் துருப்புகளும் இதில் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் பாதை அடைபட்டதுதான் முதல் காரியம்.

இதுதான் நடந்திருக்கும் மாற்றம். முன்னெல்லாம் பதுங்குகுழியில் ஆபத்து, பின்னால் வந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். இப்போது களத்துக்குப் பின்னாலுள்ள பதினைந்து இருபது கிலோமீட்டர்தான் சாவின் இடம், இரு தரப்பாருக்கும். காயம்பட்டவன் இருட்டும்வரை, சமயத்தில் நாள்கணக்கில், கட்டுப்போட்ட காலோடு கிடக்கிறான், அவனை எடுத்துவர வண்டி போக முடியாததால். சாலைகளுக்கு மேல் வலை கட்டுகிறார்கள். அவற்றில் சில பிரான்ஸின் பிரிட்டனி கரையிலிருந்து வந்த பழைய மீன்வலைகள். 2025 தொடக்கத்தில் ரஷ்யர்கள் கழுதைமேல் மூட்டை ஏற்றினார்கள். உக்ரைனின் கனத்த இரவு ட்ரோனுக்கு ரஷ்யச் சிப்பாய்கள் பாபா யாகா என்று தங்கள் நாட்டுக் கதைகளின் சூனியக்கிழவி பெயரை வைத்தார்கள். அதே கிழவிதான் உக்ரைன் குழிகளுக்கு ரொட்டியும் தண்ணீர் பாட்டிலும் இறக்குகிறாள்.

மலிவு என்பது நண்பரின் இன்னொரு மோகம். ஐந்நூறு டாலர் ட்ரோன் பல லட்சம் டாலர் டாங்கியை முடிக்கிறதாம். வழியில் விழுந்தவை, குறி தப்பியவை, அலை அறுந்து போனவை வீடியோவில் வருவதில்லை. வரவை மட்டும் எழுதிய லெட்ஜர் இது, எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார். சில பத்தாயிரம் டாலர் ஷாஹெதை வீழ்த்த நாற்பது லட்சம் டாலர் பேட்ரியட் ஏவுகணையைச் செலவழிக்க நேர்வது உண்மைதான், அங்கே கணக்கு அவர் பக்கம். ஆனால் ட்ரோனுக்கும் வயிறு உண்டு. மோட்டார், பாட்டரி, காந்தம் எல்லாவற்றுக்கும் இரண்டு பகைவர்களும் சீனாவின் வாசலில் நிற்கிறார்கள். 2023 செப்டம்பரில் சீனா ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்டது.

மனிதன் எங்கே வெளியேறினான்? கெர்சன் நகரில் சைக்கிளில் போகிறவரையும் பஸ்ஸுக்கு நிற்பவரையும் நீப்பர் ஆற்றின் மறுகரையிலிருந்து ட்ரோன் துரத்தியது. திரையில் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒருவன் விரலை அசைத்தான். ஐக்கிய நாடுகளின் விசாரணைக் குழு 2025 மே மாதம் இதை மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்றது. ஆளில்லா விமானம் என்று நாம் மொழிபெயர்த்து வைத்திருக்கும் சொல்லே இந்த விரலை மறைக்கிறது.

கழுகு என்றும் கடவுள் என்றும் எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். வன்னியில் தலைக்கு மேல் சுற்றிய வேவு விமானத்தை அதன் கீழே வாழ்ந்த தமிழ் ஜனங்கள் 'வண்டு' என்றார்கள். காதில் விழுந்த ரீங்காரத்துக்கு வைத்த பெயர். அது கேட்டால் பின்னால் என்ன வரும் என்று தெரிந்தவர்கள் வைத்தது. நம் கவிஞர்களின் கழுகில் சத்தமே இல்லை.

நண்பரின் புதிய கவிதை ஒன்று அடுத்த இதழில் வருவதாக ஆசிரியர் சொன்னார். அதில் ஒரு லாரி டிரைவராவது இருந்தால், இதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்ளத் தயார். மறுபடியும் கழுகுதான் என்றால், எனக்கு நாலு பக்கம் ஒதுக்கி வைக்கும்படி ஆசிரியரை இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.