எம்.சி. கிடைக்காத மறதி

மலேசியாவில் முகக்கவசமும் மைசெஜாத்ரா செயலியில் வருகைப் பதிவும் பழங்கதை ஆகிவிட்டன. ஆனால் கோவிட் வந்து போன சிலரிடம் மறதியும் கவனக் குறைவும் ஓயாத அசதியும் தங்கிவிட்டன. தொற்று கண்டு மூன்று மாதமாகியும் இருக்கிற, குறைந்தது இரண்டு மாதம் நீடிக்கிற, வேறு நோய் காரணமில்லாத இத்தகைய அறிகுறிகளை உலகச் சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரிலேயே தனி நோய்நிலையாக வரையறுத்துவிட்டது. சிந்தனைத் தடுமாற்றமும் அதில் அடக்கம். நம்மிடையே அதற்குக் கிடைக்கும் பெயர் சோம்பல். அரசு கிளினிக்குகள் இதைக் கேட்டறிந்து நோயாளியின் கார்டில் எழுதத் தொடங்காதவரை அந்தப் பெயர் மாறாது.

உடல் உழைப்புக்கு மூளை எதற்கு என்பவர்கள் செம்பனை வெட்டைப் பார்த்ததில்லை. அண்ணாந்து பார்த்து, குலை பழுத்ததா என்று உதிரிப்பழத்தை வைத்துக் கணித்து, வெட்டிய காம்பில் தன் எண்ணை எழுதி, சிதறியதைப் பொறுக்கி முடிப்பதற்குள் கவனம் ஒருமுறை பிசகினால் போதும். காய்க்குலை வெட்டினால் பிடித்தம். எண் எழுத மறந்தால் அந்தக் குலைக்குக் கணக்கே இல்லை. ஜாசின், அலோர் காஜா தோட்டங்களில் வெட்டு வேலை பெரும்பாலும் வெளிநாட்டவர் கைக்குப் போய்விட்டது என்பது உண்மைதான். தோட்டத்தை விட்டு வந்த நம்மவர் பலர் நிற்கும் பத்து பெரெண்டாம், ஆயர் கெரோ தொழிற்சாலைகளின் இரவு ஷிப்டும் அதே கவனத்தைத்தான் கேட்கிறது. கவனம் பிசகுகிறது என்று கிளினிக்குக்குப் போனாலும், ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் சரியாக இருந்துவிட்டால் ஒரு நாள் எம்.சி.யோடு (மருத்துவ விடுப்புச் சான்று) கதை முடிகிறது.

‘இது கோவிட் இல்லை, வேலை போன கவலை, ஊரடங்கு தந்த மனச்சோர்வு’ என்பார்கள். அதே காலத்தில் சளிக்காய்ச்சல் கண்டவர்களும் அதே கவலைகளோடுதானே இருந்தார்கள்? ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் கோவிட் கண்ட 236,379 பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்திற்குள் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நரம்பு அல்லது மனநலப் பாதிப்பு பதிவாகியிருந்தது. சளிக்காய்ச்சல் கண்டவர்களைவிட இது தெளிவாகவே அதிகம். அதற்காக மனச்சோர்வு பொய் என்றாகிவிடாது. 2019இல் 2.3 விழுக்காடாக இருந்த மலேசியப் பெரியவர்களின் மனச்சோர்வு 2023இல் 4.6 விழுக்காடு ஆனதைத் தேசியச் சுகாதார ஆய்வே சொல்கிறது. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கலாம்; ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பதுதான் தவறு. அதிலும் நம்மவர் ‘மனசு சரியில்லை’ என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்வது அபூர்வம். தலை கனம், தூக்கமில்லை என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். மீதியைத் தமிழில் கேட்டு வாங்க வேண்டும். தமிழ் தெரிந்த தாதியர் இருக்கும் கிளினிக்கில் இதற்குப் பெரிய செலவுமில்லை.

இன்னொரு ஐயம் முதலாளிகளுடையது: பரிசோதனையில் அகப்படாத நோய் என்றால் ஆளாளுக்கு லீவு கேட்பார்களே? ஏமாற்றுபவர் சிலர் இருக்கவே செய்வர், மறுப்பதற்கில்லை. ஆனால் 2024இல் வெளியான இங்கிலாந்து ஆய்வில் சுமார் 113,000 பேர் சிந்தனைத் தேர்வு எழுதினர். அறிகுறி நீங்காதவர்களிடம், தொற்றே வராதவர்களோடு ஒப்பிட, ஐ.க்யூ. கணக்கில் சராசரியாக ஆறு புள்ளி அளவுக்குச் சரிவு தெரிந்தது. பெருங்கூட்டத்தில் துலங்கும் இந்தச் சரிவைத் தனி ஆளிடம் ஒரே சோதனையில் நிரூபிப்பது கடினம். அதனால்தான் கிளினிக் பதிவு தேவைப்படுகிறது. நெடுநாள் அறிகுறி இருந்து நீங்கியவர்கள், சீக்கிரம் தேறியவர்களின் நிலைக்கே வந்திருந்ததையும் அதே ஆய்வு கண்டது. ஆகவே கேட்பது ஆண்டுக்கணக்கான லீவு அல்ல. சில மாதத்துக்கு இரவு ஷிப்டு வேண்டாம், வெட்டுக்குப் பதில் நாற்றங்காலில் வேலை கொடுங்கள், வாயால் சொல்லும் உத்தரவை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள் என்று டாக்டர் எழுதித் தரும் ஒரு கடிதம். அதை மேனேஜர் ஏற்றுக்கொண்டால் போதும்.